பஸ்ஸில் வந்த குண்டு

அந்தச் சமயம் என் செல்போனுக்குக் காது செத்துப்போயிருந்தது. பூ மார்க்கெட்டின் ஈரத் தரையில் கை நழுவி விழுந்த நாளிலிருந்து, காதோடு வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால் மட்டும் அடுத்த தெருவுக்கும் கேட்கும். சரி செய்யக் கொடுத்தால் அரை நாள் போன் இல்லாமல் இருக்க வேண்டும். பூக் கமிஷன் கடைக்காரனுக்கு அது முடிகிற காரியமா? அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நாமக்கல்லில் ஒரு மௌத்து. சொந்தக்காரர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு மத்தியான பஸ்ஸில் சேலம் திரும்பிக்கொண்டிருந்தேன். தலையில் தொப்பி அப்படியே இருந்தது. தாடி எப்போதும் இருப்பதுதான். மடியில் ஒரு ரெக்சின் பை.

முந்தின நாள் சாயங்காலம் வெளி மாநிலத்துப் பெரிய ஊர் ஒன்றில், கடைவீதியில் குண்டு வெடித்திருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் கையில் அதே செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. வைத்தவன் பெயரும் வந்துவிட்டது. அந்தப் பெயரில் எங்கள் பள்ளிவாசலிலேயே நாலைந்து பேர் உண்டு.

ராசிபுரம் தாண்டியதும் போன் அடித்தது. எருமப்பட்டி பழனியப்பன். ஏறத்தாழ முப்பது வருசமாக என் கடைக்குப் பூ போடுகிற விவசாயி. எடுத்து, வழக்கம்போல நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். காட்டுக்கு இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருக்கு.

"மாப்ள, வெடியால மொத பஸ்ல குண்டு வெச்சு உட்டர்றேன். பழைய பஸ் ஸ்டாண்டுல ஆள உட்டு எடுத்துக்கங்க. லேட்டு பண்ணிப்போடாதீங்க, வெயில் ஏறுனா வெடிச்சிரும்."

பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே மட்டும் பேச்சுச் சத்தம் நின்றுபோயிற்று.

பூ என்றால் பூ மட்டுமா

இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் அந்த பஸ்ஸில் இருந்தவர்களைப் போலவே என்னைப் பார்ப்பீர்கள்.

மல்லிகையில் சன்னமல்லி உண்டு, ஜாதிமல்லி உண்டு, குண்டுமல்லி உண்டு. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் முழுப் பெயரைச் சொல்வார்கள். மார்க்கெட்டில் யாருக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது? சன்னம், ஜாதி, குண்டு. அவ்வளவுதான். காலையில் எங்கள் வரிசையில் வந்து நின்றால், "குண்டு வந்துருச்சா", "குண்டு எவ்வளவு இருக்குது", "நேத்து போட்ட குண்டு சரியில்ல" என்று நாலா பக்கமும் கேட்கும். வெளியூர்க்காரர் யாராவது புதிதாக வந்தால் திடுக்கிட்டுத்தான் போவார்.

அது மொட்டாக இருக்கும்போதே கடைக்கு வந்து சேர வேண்டும். வெயில் பட்டு விரிந்துவிட்டால் கட்ட முடியாது. விரிந்ததை நாங்கள் "வெடிச்சிருச்சு" என்போம். வெடியால என்றால் விடியற்காலை; நாமக்கல் பக்கம் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். ஆக, பழனியப்பன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. விடியற்காலை முதல் பஸ்ஸில் பூ வருகிறது, சீக்கிரம் எடுத்துக்கொள். முப்பது வருசமாக அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் அத்தா இந்தக் கடையை வைத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், பாய்க்கு எதற்குப் பூக்கடை என்று கேட்டிருக்கிறார். ஐயா, நாங்கள் தலையில் வைக்காவிட்டால் என்ன? மாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாதம் முழுக்கப் பூ போகிறது. தர்காவில் சந்தனக்கூடு என்றால் போர்வை போர்வையாகப் போகிறது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் முகத்தை மூடுவதே பூதான். பூவுக்கு எந்த வம்பும் இல்லை. பேருக்குத்தான் வந்தது வம்பு.

யார் இறங்கச் சொன்னது?

பஸ்ஸுக்குத் திரும்புகிறேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர் போலிருக்கிறது. மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து, பின்னால் போய் நின்றார். உட்கார இடம் இருக்கும்போது ஒருத்தர் எழுந்து நிற்பதைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முன் சீட்டுப் பெண் குழந்தையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பூங்க. குண்டு மல்லி. பூக்கடைக்காரனுங்க நானு" என்றேன். பொதுவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. என் குரல் எனக்கே பொய் சொல்கிறவன் குரல் போல இருந்தது. போனுக்குள்ளிருந்து பழனியப்பன் வேறு, "யாருகிட்ட பேசறீங்க மாப்ள?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கட் பண்ணினேன். கட் பண்ணியது இன்னும் தப்பாகப் போயிற்று என்று உடனே தோன்றியது.

கண்டக்டர் வந்தார். பையைத் திறந்து காட்ட முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். திறந்தேன். ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், மௌத்து வீட்டில் கட்டிக் கொடுத்த சோறு. "தப்பா எடுத்துக்காதீங்க பாய்" என்றார். அவர் நல்ல மனிதர். கேட்டது தப்பில்லை. நான் கண்டக்டராக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனாலும் அந்தச் சோற்றுப் பொட்டலத்தை அத்தனை பேர் எட்டிப் பார்த்தது எனக்கு அழுகையை வரவழைத்தது.

மல்லூரில் இறங்கிவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நின்றேன். என்னை யாரும் இறங்கச் சொல்லவில்லை, இது சத்தியம். டிக்கெட் சேலம் வரைக்கும் கையில் இருந்தது. அப்புறம் ஏன் இறங்கினேன்? இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

டிவியில் ஒரு கூடை

வீட்டுக்கு வந்தால் டிவியில் அதே கடைவீதி. திரும்பத் திரும்ப அதையே காட்டினார்கள். என் மனைவி நூர்ஜஹான் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, தானும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கூடை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. கூடையிலிருந்து கொட்டியது என்ன என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. உருண்டை மொட்டு, குட்டைக் காம்பு. எங்கள் பூதான். அந்த ஊரில் அதற்கு என்ன பெயரோ. அதைக் கட்டி விற்றுக்கொண்டிருந்திருக்கும் அம்மா பிழைத்தாளா இல்லையா என்று எந்தச் சேனலிலும் சொல்லவில்லை. நான் தேடிக்கொண்டே இருந்தேன்.

அதை வைத்தவன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. வெள்ளிக்கிழமை எங்கள் இமாம் தொழுகைக்கு முந்திய பயானில் அவனைப் பெயர் சொல்லாமல் கிழித்துத் தோரணம் கட்டினார். ஒரு உயிரை அநியாயமாக எடுத்தவன் எங்களில் ஒருவனே இல்லை என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது ஒருத்தர், "இதெல்லாம் ஜோடனை பாய், நம்ம பையன் செஞ்சிருக்க மாட்டான்" என்றார். அதுவும் ஆறுதலாக இருந்தது! இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் ஆறுதலாக இருக்கும்? அவன் எங்களில் ஒருவன் இல்லை என்றால் 'நம்ம பையன்' என்று ஏன் சொல்கிறோம்? அவன் செய்யவில்லை என்றால் இமாம் யாரைத் திட்டினார்? செருப்பு கிடைத்தது. இந்தக் கேள்விக்குத்தான் விடை கிடைக்கவில்லை.

மார்க்கெட்டில் ஒரு பழைய வாடிக்கைக்காரர், என்ன பாய் உங்காளுங்க இப்படிப் பண்ணிட்டாங்க என்றார். தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகியவர்தான். அவன் செய்தது மிருகம்கூடச் செய்யாது என்று சொன்னேன். அது என் மனதில் இருந்ததுதான், ஆனால் அவர் கேட்டதற்காகச் சொன்னதும் யாருக்கோ வரி கட்டியது போல ஆகிவிட்டது.

பெருசு படுத்திய பாடு

அந்த வாரமே கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடைதான், ஆனால் நின்ற நிற்பில் போலீஸ் என்று தெரிந்தது. மரியாதையாகப் பேசினார்கள். பஸ்ஸில் வந்த யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள், சும்மா கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன். பூவை ஏன் குண்டு என்று சொல்கிறீர்கள் என்று ஒருத்தர் கேட்டார். "குண்டா இருக்குதுங்க, அதனாலதான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பூ அனுப்புகிறவர் நம்பரைக் கேட்டார்கள், கொடுத்தேன். அத்தோடு போய்விட்டார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எனக்கு விளங்காதது. ஒருத்தரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் வாயில் அந்தச் சொல் வர மறுத்துவிட்டது.

கடையில் சட்டம் போட்டேன். இனிமேல் யாரும் குண்டு என்று சொல்லக்கூடாது, 'பெருசு' என்று சொல்லுங்கள். மறுநாள் காலையில் எடை போடுகிறவன் கடைக்குள்ளிருந்து கத்தினான்: "பெருச மூட்டை கட்டியாச்சு, ஆட்டோல ஏத்திரலாமா?" வாசலில் நின்றுகொண்டிருந்த கோயில் தர்மகர்த்தா, எழுபதைத் தாண்டியவர், என்னைப் பார்த்தார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தமிழில் எத்தனை குண்டு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. குண்டூசி, குண்டு பல்பு, சோறு வடிக்கிற குண்டா, குண்டும் குழியுமான ரோடு. என் பேத்தியை நாங்கள் கூப்பிடுவதே குண்டு என்றுதான். பிறந்தபோது அப்படி இருந்தாள். மகள் வீடு சேலத்திலேயே, ஃபேர்லேண்ட்ஸில். சாயங்காலம் பேத்தியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அவள் ஊஞ்சலை நோக்கி ஓட, "குண்டு, பாத்து" என்று கத்தப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தொப்பி போட்ட கிழவன் ஒருத்தன் கூட்டம் நிறைந்த பூங்காவில் அப்படிக் கத்தினால் என்ன ஆகும்? அவள் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். தாத்தாவை அவள் நன்னா என்றுதான் கூப்பிடுவாள். "ஏன் நன்னா, என்னைக் கூப்பிடல?" என்று என்னையே கேட்டாள்.

மாமாவின் மௌனம்

பழனியப்பன் என்னை மாப்ள என்பார், நான் அவரை மாமா என்பேன். எங்களில் யார் பெண் கொடுத்தோம், யார் எடுத்தோம் என்று கேட்டால் இரண்டு பேரும் திருதிருவென்று முழிப்போம். எப்படியோ ஒட்டிக்கொண்ட முறை அது. அவர் மகள் கோகிலா பிறந்த தகவல் அவர் சொந்தங்களுக்கு முன்னால் எனக்குத்தான் வந்தது, ஏனென்றால் அன்று அவர் பூவோடு என் கடையில் இருந்தார். அப்போதே சொன்னார், இவள் கல்யாணத்துக்கு மாலை உங்கள் கையால்தான் என்று.

அந்த வாரத்துக்குப் பிறகு அவர் குரல் நின்றுபோயிற்று. பூ மட்டும் தவறாமல் வந்தது. காலையில் ஒரு மெசேஜ் வரும்: 'பூ அனுப்பியாச்சு'. அவருக்கு மெசேஜ் அடிக்கத் தெரியாது, யாரையோ விட்டு அடிக்கச் சொல்கிறார். மாப்ள என்ற சொல் அதில் இருக்காது. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

கோகிலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது தெரியும். எதிர்க்கடைக்காரருக்குப் பத்திரிகை வந்துவிட்டது. மார்க்கெட்டில் பூக்கட்டும் பெண்களுக்குக்கூட வந்தது. எனக்கு வரவில்லை. எத்தனையோ கல்யாணத்துக்குப் பூ கொடுத்தவன், ஒரு பத்திரிகைக்காக வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி அவரும் அப்படி நினைத்துவிட்டாரா? முப்பது வருசம் போதவில்லையா? வீட்டில் எரிந்து விழுந்தேன். நூர்ஜஹான் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நேரா போய்க் கேளுங்க. அவர் அப்படித்தான் நினைக்கிறார்னா தெரிஞ்சாவது போகட்டும்" என்றாள்.

போனேன். அன்றைக்கும் பஸ்தான். தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனேன். நாமக்கல்லில் பஸ் மாறும்போது, எதற்குக் கழற்றினேன் என்று என் மேலேயே ஆத்திரம் வந்து எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"பேருகூடத் தெரியாதுன்னுட்டேன்"

எருமப்பட்டியில் அவர் காடு ரோட்டிலிருந்து உள்ளே. மல்லிச் செடிகளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார். வாங்க என்றார், மாப்ள சேர்க்கவில்லை. கயிற்றுக் கட்டிலை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டார். மோர் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினார். நானும் மழையைப் பற்றிப் பேசினேன்.

கடைசியில் நானே கேட்டேன். என் மேல் உங்களுக்குச் சந்தேகமா மாமா?

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இங்கயும் ரெண்டு பேரு வந்தாங்க. அந்த பாய்கூட எப்படிப் பழக்கம்னு கேட்டாங்க. பூ போடறதோட செரிங்க, வேற ஒண்ணும் தெரியாதுங்கன்னு சொல்லிப்போட்டேன். உங்க பேருகூடத் தெரியாதுன்னுட்டேன், மாப்ள."

நான் மோர் டம்ளரைக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

"மாப்பிள்ள ஊட்டுக்காரங்க காதுக்குப் போச்சுன்னா கண்ணாலம் நின்னுருமோன்னு பயந்துபோட்டேன். அவுங்க ரெண்டு பேரும் பைக்க எடுத்துட்டு அந்தாண்ட போறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சுபோச்சு, என்ன காரியம் பண்ணிப்போட்டம்னு. அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்களுக்குப் பத்திரிக வெக்கறது?"

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், எல்லாம் தோன்றியது. கோபம் வந்தது. என் பேரைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்தது? கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, சந்தேகப்படவில்லையே என்று. பெண்ணைப் பெற்றவர் பயந்ததில் என்ன தப்பு என்று பரிதாபம் வந்தது. நானும்தானே கேட்டவுடன் அவர் நம்பரைத் தூக்கிக் கொடுத்தேன் என்றும் தோன்றியது. எங்கேயோ முகம் தெரியாத ஒருவன் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போகிறான். இங்கே எருமப்பட்டியில் ஒரு மனிதர் என் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். இதில் யார் மேல் கோபப்படுவது? மன்னித்தேன் என்று சொன்னால் பெரிய மனுசத்தனம் காட்டுவதாகும். பரவாயில்லை என்று சொன்னால் பொய்.

மாலைக்கு என்ன பூ வைத்துக் கட்டட்டும் என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். புருசன் பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிற பெண் மாதிரி, செடியைக் கையால் காட்டி, "அதுதானுங்க" என்றார்.

மண்டப வாசல்

கல்யாணத்தன்று விடிந்ததும் நானும் நூர்ஜஹானும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மாலை இரண்டையும் ஈரத்துணி சுற்றிக் கொண்டுபோயிருந்தோம். பந்தலுக்கும் ஜடைக்கும் உதிரிப் பூ தனியாக ஒரு பெரிய பையில். முந்தின நாள் அவர் தோட்டத்தில் எடுத்து, என் கடைக்கு வந்து, திரும்ப அவர் வீட்டு விசேசத்துக்கே போகிற பூ.

வாசலில் சந்தனம் கொடுத்தார்கள். உள்ளே மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடியில் மேடைக்குப் பக்கத்தில், பட்டு வேட்டியில் மாமா. என்னைப் பார்த்துவிட்டார். நாதஸ்வரக்காரர்கள் அப்போதுதான் ஒரு பாட்டை முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்ள!" என்று கூப்பிட்டார். அதே பழைய குரல், முழுக் குரல். "குண்டு கொண்டாந்துட்டீங்களா?"

வேண்டுமென்றேதான் கத்தினார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். பேர்கூடத் தெரியாது என்று சொன்ன வாயால், சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால், தன் கடனைத் தீர்த்தார். கொண்டுவந்துவிட்டேன் மாமா என்று நானும் அதே சத்தத்தில் பதில் கத்தியிருக்க வேண்டும்.

கத்தவில்லை. அதற்கு முன்னால் என் கண் காபி குடிக்கிறவர்கள் பக்கம் போயிற்று. அங்கிருந்து வாசல் பக்கம் போயிற்று. யாராவது எழுந்து நிற்கிறார்களா என்று பார்த்தேன். திரும்பினால், மாமாவின் கண்ணும் அதே வாசலிலிருந்துதான் திரும்பிக்கொண்டிருந்தது.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். என் கையிலிருந்த பையை வாங்கித் தானே தூக்கிக்கொண்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் மேடை வரைக்கும், இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை சிரித்தபடி சொல்லிக்கொண்டே போனார்:

"குண்டு மல்லிங்க. குண்டு மல்லி."

முப்பது வருசத்தில் அவர் மல்லியைச் சேர்த்துச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.